கண் மஞ்சளித்தால் முதலில் பிஸ்கட் டின்னைக் கொட்டுங்கள்

என் கொழுந்தனுக்குக் கண் மஞ்சளித்த அன்று, பொகவந்தலாவையிலிருந்து ஒரு போர்வையும் ஃபிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். "என்ன மருந்தெல்லாம் குடித்தார்?" என்று டாக்டர் கேட்டார். "வெள்ளை மாத்திரை" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வைரஸால் வரும் காமாலையும் மருந்தால் வரும் காமாலையும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். சோற்று வாடையே குமட்டும், சிறுநீர் கடும் சாயத் தண்ணீர் மாதிரிப் போகும். காசநோய் மாத்திரை குடிப்பவருக்கு அந்தச் சிறுநீர் அடையாளமும் உதவாது; அதிலுள்ள ரிஃபாம்பிசின் என்ற மருந்து எப்படியும் அதைச் செம்மஞ்சளாக்கிவிடும். நாங்கள் ஏமாந்தது அங்கேதான்.

கண்ணைப் பாருங்கள், அதுவும் பகலில் வாசலில் நிறுத்தி. காம்பரா பல்பின் கீழே எல்லோரும் மஞ்சள்தான். உள்ளங்கை மட்டும் மஞ்சளாகி வெண்விழி வெள்ளையாகவே இருந்தால், கரட் அதிகம் தின்றதாகவும் இருக்கலாம். நுவரெலியாப் பக்கம் இதற்குச் சொல்லவா வேண்டும்!

பிறகு, வீட்டிலுள்ள மருந்தையெல்லாம் பாய்மேல் கொட்டுங்கள். நாங்கள் மருந்து போட்டுவைக்கும் பிஸ்கட் டின்னில் பனடோல் இருந்தது. தடிமனுக்குக் கடையில் வாங்கிய மாத்திரையும் இருந்தது. அதற்குள்ளும் பரசிட்டமோல்தான்; அளவு மீறினால் அது ஈரலைக் கெடுக்கும். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 8 தான் எல்லை. மது குடிப்பவருக்கும் உடல் மெலிந்தவருக்கும் அதுவே அதிகம்.

கொப்பித் தாளில் மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, ஒரு நாளைக்கு எத்தனை என்று எழுதுங்கள். கசிப்பையும் (கள்ளச் சாராயம்) மறைக்காமல் எழுதுங்கள். கீழாநெல்லி உருண்டையை எழுதியதற்கு அத்தை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, போகட்டும். கொதிக்க வைக்காத பீலித் தண்ணீர் குடித்திருந்தால் அதையும் குறியுங்கள். அப்படிப்பட்ட தண்ணீரால் வரக்கூடிய ஹெப்படைடிஸ் ஏ வைரஸ் உள்ளே போய் 15 முதல் 50 நாள் கழித்தே நோயைக் காட்டும்.

பேச்சுத் தடுமாறினாலோ, பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ தாளும் வேண்டாம், டின்னும் வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

மறுநாள் டின்னோடு போனேன். டாக்டர் அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கிளினிக்கில் கொடுத்த செந்நிறக் காசநோய் மாத்திரையைத் தனியே வைத்தார். அதிலுள்ள ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைட் மூன்றுமே ஈரலைத் தாக்கக்கூடியவையாம். எதை நிறுத்துவது, எதை எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை மார்பு கிளினிக்தான் முடிவு செய்யும் என்றார். முதல் நாள் அந்த மாத்திரை என் நினைவுக்கே வரவில்லை. கிளினிக்கில் கொடுத்ததை யார் சந்தேகப்படுவார்கள்?