முதலில் ஓர் உலர்ந்த சாரம்: மாணவச் சிப்பாய்களைக் காட்டுக்குப் பழக்குவது எப்படி

வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் வளர்ந்த பிள்ளைக்குக் காடு என்றால், மின்சாரம் போய் மின்தூக்கியும் நின்றுவிட்ட இரவுதான். அந்தப் பிள்ளைக்குச் சீருடையும் தொப்பியும் கொடுத்து, "காட்டில் தனியாக அகப்பட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். "பாம்பை அடித்துச் சுட்டுச் சாப்பிடுவேன், டீச்சர்" என்றாள். பதினைந்து வயது. வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் கதிரையில் ஏறுகிறவள். கைத்தொலைபேசிக் காணொளிகள் சொல்லிக்கொடுத்த வீரம் இது. நம்முடைய வேலையில் பாதி கற்பிப்பது, மீதி பாதி மறக்கவைப்பது.

பள்ளிக்கூடங்களில் மாணவச் சிப்பாய்கள் என்ற வழக்கம் 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் தொடங்கியது. ஆகவே அணிவகுப்புக்கும் வாத்தியக் குழுவுக்கும் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். ரந்தம்பேயிலோ தியத்தலாவையிலோ முகாம் என்றால் அங்கே பயிற்றுநர்கள் இருப்பார்கள். ஆனால் அதற்கு முன்பே பள்ளியில் "காட்டில் தாக்குப்பிடிக்கும் பயிற்சி"யைத் தொடங்குங்கள் என்று அதிபர் ஒருநாள் உங்களை அழைத்துச் சொல்வார். என்னிடமும் சொன்னார். நான் புவியியல் ஆசிரியை; வரைபடம் தெரிந்தவளுக்குக் காடும் தெரியும் என்பது அவருடைய கணக்கு.

முதல் வருடம் நானும் அதே காணொளிகளைத்தான் பார்த்துப் படித்தேன். இங்கிரியப் பக்கம் தெரிந்தவர் ஒருவருடைய இறப்பர்த் தோட்டம். இருபத்திரண்டு பிள்ளைகள். இரண்டு மணி நேரம் வில்லும் தண்டும் வைத்துத் தீ கடைந்தோம். தீக்கடைகோல் என்று பழைய தமிழில் அதற்கு அழகான பெயர் உண்டு. அன்று எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பெயர் மட்டுந்தான். உள்ளங்கைகள் கொப்பளித்தன, புகைகூட வரவில்லை. ஐந்து மணிக்கு மழை இறங்கியது. நாங்கள் கடைந்துகொண்டிருந்த நேரம் முழுவதும் பைகள் மரத்தடியில் வாய் திறந்து கிடந்தன. இருட்டியபோது ஈரமில்லாத துணி என்று ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ஒரு பிள்ளைக்குப் பற்கள் அடிக்கத் தொடங்கின. பிறகு பேச்சுக் குழறியது. பஸ் சாரதி தன் இருக்கைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த சாரத்தைக் கொண்டுவந்து தந்தார். ஈரச் சீருடையை மாற்றி, அந்தச் சாரத்தைச் சுற்றி, இரண்டு தோழிகளுக்கு நடுவில் பஸ்ஸுக்குள் உட்காரவைத்து, சீனி போட்ட தேநீரை மெல்ல மெல்லக் குடிக்கவைத்த பிறகுதான் அவள் தெளிந்தாள். இந்த வெப்ப நாட்டில் யார் குளிரில் நடுங்குவார்கள் என்று கேட்பீர்கள். நனைந்த உடம்பு காற்றுப் பட்டால் மிக வேகமாகச் சூட்டை இழக்கும். களைப்பும் பசியும் சேர்ந்தால் இன்னும் வேகம்.

அடுத்த தவணையில் பாடத்தைத் தலைகீழாக மாற்றினேன். நாட்டின் தென்மேற்கில் காடு என்றால் ஈரக் காடு. அங்கே பிள்ளையை வாட்டுபவை இரண்டு: நனைவது, அவசரப்படுவது. இந்த இரண்டுக்கும் எதிராக எது உதவுகிறதோ அதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.

முதல் பாடம் பை. அப்பாவின் பழைய சாரம் ஒன்று, ஒரு மேற்சட்டை, ஒரு சோடி காலுறை. இவற்றைப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, வாயை முறுக்கிக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் தலைகீழாக வைத்துக் கட்டவேண்டும். இந்தப் பொதியை இரவு தங்குமிடம் தயாராகும்வரை யாரும் திறக்கக்கூடாது. சாரம் போர்வையாகும், தூக்குப்படுக்கையாகும், கலங்கல் தண்ணீரை வடிக்கும், உடைந்த கையைத் தாங்கும். அதனுடன் கழுத்தில் ஒரு விசில், பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்று, ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீர், ரோர்ச், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் இரண்டு பொட்டலம், கொஞ்சம் பிஸ்கட். குப்பைப் பையின் ஒரு மூலையில் முகம் அளவுக்கு ஓட்டை வெட்டித் தலைவழியே போட்டால் மழை அங்கி. கத்தி வேண்டாம். பயிற்றுநரிடம் ஒன்று இருந்தால் போதும்.

தேர்வு எளிது. பள்ளி முற்றத்தில் பைகளை வரிசையாக வைக்கச் சொல்லி ஒவ்வொன்றின்மீதும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு பொதியைத் திறந்து சாரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமாக இருந்தால் மறுபடியும் கட்டவேண்டும். கைத்தொலைபேசிகளை முதலில் வெளியே எடுக்கச் சொல்ல மறக்கவேண்டாம். நான் ஒருமுறை மறந்தேன். அந்த மாதப் பெற்றோர் கூட்டம் நீண்டது.

இரண்டாவது, தறப்பாள். நான்கு பிள்ளைகளுக்கு மூன்றுக்கு நான்கு மீற்றர் தறப்பாள் ஒன்று. கயிற்றை இரண்டு மரங்களுக்கு இடையில் இடுப்பு உயரத்தில் இறுக்கிக் கட்டி, தறப்பாளை அதன்மேல் போட்டு, இரு பக்கமும் தரையில் இழுத்துக் கட்டினால் கூரை. இதைச் செய்வதற்கு முன் இரண்டு முறை மேலே பார்க்கவேண்டும்: பட்ட கிளை இருக்கிறதா, தென்னை இருக்கிறதா. தேங்காய் விழும் இடத்தில் படுப்பதற்குப் பயிற்சி தேவையில்லை. சரிவு ஏன் முக்கியம் என்பதைக் கணக்காகவே சொல்லுங்கள்: 10 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு 10 லீற்றர். பன்னிரண்டு சதுர மீற்றரைத் தட்டையாக விரித்துவைத்தால் 120 லீற்றர், அதாவது 120 கிலோ, தலைக்கு மேல் தொப்பையாகத் தொங்கும். அதே தண்ணீரைச் சரிவாக வழியவிட்டு ஓரத்தில் வாளி வைத்தால் குடிதண்ணீர்ப் பிரச்சினையே தீர்ந்தது. முடிச்சு இரண்டு போதும்: மரத்தைச் சுற்றி வழுக்காமல் நிற்கும் ஒன்று, ஒரே இழுப்பில் அவிழும் ஒன்று. ஆனால் அந்த இரண்டையும் கைகளை வாளித் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, கண்களைக் கட்டியபடி போடத் தெரியவேண்டும்.

இங்கே ஒரு விடயத்தை நிறுத்திச் சொல்லவேண்டும். கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளில், வன்னியில் மாதக்கணக்கில் தறப்பாளின் கீழ் இருந்துவிட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்த வீடுகளில் இதற்குப் பயிற்சி என்று பெயர் இருந்ததில்லை. ஆகவே எதிரி துரத்துகிறான், குண்டு விழுகிறது என்று கதை கட்டிப் பயிற்சியை விறுவிறுப்பாக்க வேண்டாம். "மழை வருகிறது, ஒருத்தி கால் பிசகிவிட்டாள், பஸ் நாளைக்குத்தான்" என்பதே போதுமான கதை. சீருடையைக் கண்டே தயங்கும் பெற்றோரும் உண்டு. வீட்டுக்குப் போய் விளக்குங்கள், கடிதத்தோடு நிறுத்தவேண்டாம்.

மூன்றாவதுதான் கடினம்: வழி தவறினால் ஓரிடத்தில் இருப்பது. தொலைந்த பிள்ளை நடக்கும். நடக்க நடக்கத் தேடும் இடம் பெரிதாகும். எங்கள் படையணியில் நான்கு சொற்கள் வைத்திருக்கிறோம்: நில், இரு, குடி, ஊது. நின்ற இடத்தில் உட்கார். ஒரு மிடறு தண்ணீர் குடி. போத்தலைத் திறந்து மூடுவதற்குள் மூச்சு சற்றுத் தணிந்துவிடும். பிறகு விசிலில் மூன்று ஊதல், ஒரு நிமிடம் அமைதி, மறுபடி மூன்று. கத்தினால் அரை மணி நேரத்தில் தொண்டை போய்விடும், விசில் போகாது.

இதைப் பழக்குவதற்குக் காடு தேவையில்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் காலையில் அழைத்துப் போங்கள். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததற்குக் காரணமான ஈரநிலங்களில் அதுவும் ஒன்று. மீன்பிடிப் பூனைகள்கூட அந்தப் பக்கம் உலாவுகின்றன. பலகை நடைபாதையில் பத்து மீற்றருக்கு ஒருத்தியாக உட்காரவைத்து இருபது நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். கேட்டதை எல்லாம் பிறகு எழுதவேண்டும். ஏழாவது நிமிடத்தில் எல்லோரும் நெளிவார்கள். பதினைந்தாவது நிமிடத்தில்தான் காது திறக்கும். பாம்பைச் சுடுவேன் என்ற அந்தப் பிள்ளை பதினொரு வகை ஒலிகளை எழுதியிருந்தாள். அவற்றில் ஒன்று "என் வயிறு".

திசை அறிவதில் வெளிநாட்டுக் கையேடுகள் நம்மை நேராகத் தவறான பக்கம் அனுப்பிவிடும். துருவ நட்சத்திரத்தைப் பார் என்பார்கள். கொழும்பு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருப்பதால் அது அடிவானத்துக்கு மேல் அதே 7 பாகை உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முட்டியைப் பிடித்தால் அதன் உயரம் ஏறத்தாழ 10 பாகை. அதற்கும் கீழே, மரமும் மூட்டமும் மறைக்கும் இடத்தில் தேடவேண்டும். நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில் என்பதும் இங்கே பொய். ஏப்ரல் முதல் வாரத்தில் பகல் 12.10 அளவில் அது நமக்கு நேர் உச்சியில் இருக்கும். அதன்பின் செப்டெம்பர் முதல் வாரம்வரை நண்பகலில் வடக்குப் பக்கம் நிற்கும். கைக்கடிகாரத்தை வைத்துத் திசை பார்க்கும் வித்தையையும் அதனுடன் மூட்டை கட்டிவிடுங்கள்.

நமக்கு உதவுவது நிழல். ஒரு குச்சியை நட்டு, நிழலின் நுனியில் கல் வைக்கவேண்டும். இருபது நிமிடத்துக்குப் பின் புதிய நுனியில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. இரவில், திருவாதிரைக்கு அருகே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் ஏறத்தாழ நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். கிழக்கு எது என்று சரியாகத் தெரிந்த காலிமுகத்திடலில் ஒரு மாலை இரண்டையும் சோதித்துப் பார்க்கட்டும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக: துணியில் வடித்து, குமிழிகள் பொங்கக் கொதிக்கவைத்து, ஒரு நிமிடம் விடவேண்டும். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலந்தால் கலங்கல் அடியில் இறங்கும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் தெளிந்த தண்ணீரையும் கொதிக்கவைக்கத்தான் வேண்டும். வெட்டுக்காயத்தோடு வயல் நீரிலும் சேற்றிலும் இறங்கக்கூடாது. எலிக்காய்ச்சல் வரும் வழி அது.

தீயைக் கடைசியில்தான் வைத்திருக்கிறேன், அதுவும் தோட்டக்காரரின் அனுமதியோடு, வெறும் நிலத்தில் மட்டும். காப்புக்காட்டில் தீயே கூடாது. ஒவ்வொருத்திக்கும் மூன்று தீக்குச்சி. பன்னாடை, தேங்காய்த் தும்பு, ஒரு துண்டு மெழுகுதிரி, சிரட்டை என்ற வரிசையில் அடுக்கினால் ஈர நாளிலும் பிடிக்கும். இறப்பர்த் தோட்டமாக இருந்தால் சிரட்டை ஓரத்தில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பால் ஒரு துண்டு போதும். கரும்புகை வரும், ஆனால் மழைத் தூறலிலும் எரியும். விறகைத் தரையில் பொறுக்காமல், நின்றபடி காய்ந்த கொப்புகளை ஒடித்துப் பிளந்து, உள்ளே இருக்கும் உலர்ந்த பாகத்தை எடுக்கவேண்டும். மூட்டுவதற்கு முன் மறுபடியும் மேலே பாருங்கள். புகை எழும் இடத்துக்கு மேலே குளவிக் கூடு இருந்தால் என்ன ஆகும் என்பதை மலையகத்திலிருந்து அடிக்கடி வரும் செய்திகள் சொல்லும். கூடு கலைந்துவிட்டால் கையை வீசாமல், சாரத்தால் முகத்தை மூடிக்கொண்டு ஓடவேண்டும். அந்த ஒரு வேளையில் மட்டும் "நில், இரு" செல்லாது.

பாம்புக்கடிக்கு என் வகுப்பில் செய்யக்கூடாதவைதான் அதிகம்: வெட்டாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, பாம்பைப் பிடிக்காதே. மோதிரத்தையும் காப்பையும் கழற்றி, கடிபட்ட கைகாலை அசையாமல் தடிவைத்துக் கட்டி, தூக்கிக்கொண்டு போய் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைக்கவேண்டும். ஈரக் காட்டில் அதிகம் கடிப்பது சருகின் நிறத்தில், மூக்கு மேல்நோக்கி வளைந்த ஒரு சிறிய விரியன்; சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். நமது வைத்தியசாலைகளில் உள்ள விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. ஆகவே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நடக்க அனுமதி இல்லை, சருகுக்குள் கைவிட அனுமதி இல்லை. அட்டைக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். காலுறையில் உலர்ந்த சவர்க்காரத்தைத் தேய்க்கலாம். ஒட்டிக்கொண்டால் நகத்தால் நெம்பி எடுத்து, இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்தால் முடிந்தது. யாராவது ஒருத்தி கட்டாயம் கத்துவாள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி வரும். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் வெளிப் பயிற்சி முடிந்தது, எல்லோரும் பஸ்ஸுக்குள். ஓடையில் தண்ணீர் திடீரென நிறம் மாறி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே எங்கோ பெருமழை. கரையேறவேண்டும், பொருளைத் தேடி நிற்கக்கூடாது. குளிப்பதற்கு என் படையணியில் அனுமதியே இல்லை. இதற்காக என்னைத் திட்டுகிறார்கள், திட்டட்டும்.

காட்டுக் கிழங்கும் காளானும் எப்போது என்று கேட்பார்கள். எப்போதுமில்லை. கார்த்திகைக் கிழங்கை வத்தாளங்கிழங்கு என்று நினைத்து அவித்துச் சாப்பிட்டவர்கள் இந்த நாட்டில் இறந்திருக்கிறார்கள். ஒரு நாள் பட்டினி யாரையும் கொல்லாது, பிஸ்கட்டும் பையில் இருக்கிறது.

ஓர் இரவு தங்கும் பயிற்சிக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், இரவு முழுவதும் புறப்படத் தயாராக ஒரு வாகனம், அருகிலுள்ள வைத்தியசாலைக்கு எத்தனை நிமிடம் என்று நீங்களே ஓட்டிப்பார்த்த கணக்கு, நிலச் சொந்தக்காரரின் கையெழுத்து. இவற்றில் ஒன்று குறைந்தால் பள்ளி முற்றத்திலேயே தறப்பாள் கட்டிப் படுங்கள். வெள்ளவத்தை நுளம்புக்கும் பயிற்சி தேவைதான்.

திரும்பி வந்த மறுநாள் தறப்பாள்களை மைதான வேலியில் வெயிலில் விரிக்க நான்கு பேரை முன்கூட்டியே பெயர் சொல்லி ஒதுக்குங்கள். ஈரத்தோடு மடித்து அலுமாரியில் வைத்த எங்கள் முதல் தறப்பாள் அடுத்த முகாமுக்குள் பூஞ்சணம் பிடித்து மடிப்போரங்களில் கிழிந்துபோனது. சாரதியின் சாரத்தைத் துவைத்து, மடித்து, ஒரு பக்கெற் பிஸ்கட்டுடன் திருப்பிக் கொடுத்தோம்.