லினக்ஸில் அவுட்டர் வைல்ட்ஸ்: கதையைத் தெரிந்துகொள்ளாமல் ஓட வைப்பது எப்படி

அவுட்டர் வைல்ட்ஸ் விண்கலத்தில் கிரகம் கிரகமாகச் சுற்றித் துப்பறியும் கம்ப்யூட்டர் விளையாட்டு, அதை ஒருமுறைதான் உண்மையாக விளையாட முடியும். புது ஆயுதம், லெவல் என்று எதுவும் இதில் கிடையாது, நமக்கு என்ன தெரிந்திருக்கிறது என்பதுதான் முன்னேற்றமே. யாராவது ஒரு வரி சொல்லிவிட்டால் அந்தப் பகுதி போனது போனதுதான். லினக்ஸ்காரர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் பாதியில் ஏதாவது மக்கர் செய்தால் உடனே இணையத்தில் தேடப் போவோம், தேடிய இடத்தில் கதையின் முடிவு கண்ணில் பட்டுவிடும். அதனால் சோதனை எல்லாவற்றையும் முதல் கிரகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

மோபியஸ் டிஜிட்டல் செய்த இந்த விளையாட்டு 2019 மே மாதம் வெளியாகி, 2020 ஜூனில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடைக்கு வந்தது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை விண்டோஸ் பதிப்பு மட்டும்தான். நமக்குக் கைகொடுப்பது ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட புரோட்டான், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைக்கும் கருவி. லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் என்ற மென்பொருள் மேல் கட்டியது. விளையாட்டு விண்டோஸின் டைரக்ட்3டி மொழியில் படம் வரையச் சொல்வதை டிஎக்ஸ்விகே என்ற பகுதி லினக்ஸிலும் செல்லுபடியாகும் வல்கன் மொழிக்கு மாற்றிக் கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்புகிறது. ஆகவே வல்கன் டிரைவர் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அதை முதலில் பாருங்கள். உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்கள் வல்கன் டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் அதோடு சுழலும் கனசதுரம் ஒன்றைக் காட்டும் சின்ன நிரலும் வரும். கனசதுரம் சுழன்றால் நல்லது. இன்டெல், ஏஎம்டி என்றால் மீசா டிரைவர், என்விடியா என்றால் அவர்களுடைய சொந்த டிரைவர். ஸ்டீம் இன்னும் 32 பிட் கோப்புகளைக் கேட்கும், அதனால் டிரைவரின் 32 பிட் பதிப்பையும் சேர்த்துப் போடுங்கள், பலர் விடுவது இதைத்தான். ஸ்டீமை உபுண்டுவின் ஸ்நாப் என்ற தொகுப்பு முறை வழியாக நிறுவ வேண்டாம், வழக்கமான டெப் தொகுப்பே போதும்.

அப்புறம் ஸ்டீம் செட்டிங்ஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கம் போய் எல்லா விளையாட்டுகளுக்கும் ஸ்டீம் பிளேயை, அதாவது புரோட்டான் வழியாக ஓட்டும் வசதியை, திறந்துவிடுங்கள். புதிய ஸ்டீமில் அது ஏற்கெனவே திறந்திருக்கும். விளையாட்டை இன்ஸ்டால் செய்ய 8 ஜிபி இடம் வேண்டும், ரேம் குறைந்தது 6 ஜிபி.

எங்கே இன்ஸ்டால் செய்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். இடம் மிச்சமாகட்டும் என்று நான் பழைய விண்டோஸ் பார்ட்டிஷனில் போட்டேன், பிளே பொத்தான் ஒரு நொடி ஸ்டாப் என்று மாறிவிட்டு மறுபடி பிளே என்றே வந்து நின்றது, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை, பாதி ராத்திரி போய்விட்டது. புரோட்டான் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பொய் விண்டோஸ் கோப்புறையை உருவாக்கும், அதில் முக்காற்புள்ளி (:) உள்ள பெயர்களும், வேறு கோப்புறையைச் சுட்டும் குறுக்கிணைப்புகளும் இருக்கும், அவை விண்டோஸின் வட்டு அமைப்பான என்டிஎஃப்எஸ்ஸில் ஒழுங்காக உட்காராது. லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு மாற்றியதும் ஓடியது.

கிராபிக்ஸ் கார்டு பழையதா? புரோட்டான் 8 முதல் வல்கன் 1.3 தேவை. அது இல்லாத கார்டுக்கு, விளையாட்டின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி என்று போய் புரோட்டான் 7-ஐத் தேர்ந்தெடுங்கள். முதல் சில நிமிடம் காட்சி திக்கித் திக்கி வரலாம், ஷேடர்கள் என்ற காட்சி வரையும் குட்டி நிரல்கள் தயாராகும் நேரம் அது, பிறகு சரியாகிவிடும். எதற்கும் மசியவில்லை என்றால், வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஓடியிருந்தால் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

கண்ட்ரோலர் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள், விண்கலத்தை மெல்லத் தள்ளி இறக்குவதற்கு அனலாக் குச்சி மாதிரி எதுவும் வராது. அதைச் சோதிக்க விளையாட்டே இடம் கொடுக்கிறது: கிராமத்தில் ரிமோட்டில் பறக்கவிடும் குட்டி மாதிரிக் கலம் ஒன்று இருக்கிறது, எடையில்லாமல் மிதந்து பழகும் குகை ஒன்றும் இருக்கிறது. இரண்டிலும் கால் மணி நேரம் செலவழியுங்கள். குச்சி தாமதமாகிறதா, படம் தடுக்குகிறதா, ஒலி கரகரக்கிறதா என்று இங்கேயே தெரிந்துவிடும், கதையும் கெடாது.

சேமிப்புக் கோப்பையும் இப்போதே கண்டுபிடித்து வையுங்கள். ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறைக்குள் காம்பாட்டேட்டா, அதற்குள் 753640 என்ற கோப்புறை. அந்த எண்தான் இந்த விளையாட்டின் ஸ்டீம் எண். பொய் விண்டோஸ் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது, வாரம் ஒருமுறை அப்படியே வேறு இடத்தில் நகலெடுத்தால் போதும். புரோட்டானை மாற்றிப் பார்க்கும் முன்பும் ஒரு நகல் எடுங்கள்.

ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள், இதில் ஒலியைப் பின்தொடர்ந்தே சில இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பிரவுசரை மூடுங்கள். விண்கலத்தைக் கிளப்பத் தேவையான குறியீடு விளையாட்டில் வரும் வானாய்வு நிலையத்தில் இருப்பவரிடம் கிடைக்கும்.