எரிந்த மின்வழங்கிப் பலகையைச் சீர்செய்தல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடிமின்னல் தொடங்கினால், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துத் திருத்தகங்களுக்கு மின்வழங்கிப் பலகை எரிந்த தொலைக்காட்சிகள் வந்து சேரும். எரிந்த உருகியை மாற்றி உடனே மின் கொடுப்பதே பலரது வழக்கம். ஆனால் அதை எரித்த காரணம் பலகையில் இருக்கும்வரை, புதிய உருகியும் அக்கணமே போய்விடும்.

செருகியைக் கழற்றிய பின்னரும், மின்னைச் சேமித்து வைக்கும், 400 வோல்ற் எனப் பொறித்த பெரிய கொள்ளளவியில் ஏறத்தாழ 325 வோல்ற் நேரோட்ட அழுத்தம் தங்கியிருக்கலாம். 230 வோல்ற் ஆடலோட்டத்தின் உச்சப் பெறுமானம் அதுவே. காவலிட்ட கம்பிகளில் பொருத்திய 2.2 கிலோ ஓம், 5 வாற்று தடையியை அதன் இரு முனைகளிலும் சில விநாடிகள் பிடித்து வெறுமையாக்கி, பல்மானியால் அளந்து உறுதிசெய்த பின்னரே பலகையில் கை வைக்க வேண்டும். திருப்புளியால் தீப்பொறி பறக்கக் குறுக்கே வைப்பது வீரமன்று.

அடுத்து உருகியின் கண்ணாடியைப் பாருங்கள். உட்புறம் கரிபடிந்தோ வெள்ளிப் பூச்சுப்போல் மின்னியோ இருந்தால், எங்கோ முழுக் குறுஞ்சுற்று உண்டு. கம்பி மட்டும் மெல்ல அறுந்திருந்தால், மிகைச்சுமையோ உருகியின் முதுமையோ காரணமாகலாம். உருகிக்கு அருகிலுள்ள வட்டத் தட்டு வடிவ வரிஸ்ரர் (மிகையழுத்தத்தை உள்ளே விடாது தடுக்கும் உறுப்பு) வெடித்திருந்தால், மின்னலோ மிகையழுத்தமோ வந்ததென ஊகிக்கலாம். அதை வெட்டியெறிந்துவிட்டுப் பலகையை ஓட்டுவோரும் உளர். அடுத்த மிகையழுத்தம் நேரே உள்ளே இறங்கும் என்பதால் அதை நான் ஏற்பதில்லை. செம்புழுதியையும் எறும்புக் கூட்டையும் தூரிகையால் அகற்றிவிடுங்கள். செத்த பல்லியும் சில வேளை அகப்படும்.

பின்னர் பல்மானியை இருவாயி (மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) நிலையில் வைத்து, ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் பாலச் சீராக்கியின் நான்கு இருவாயிகளையும் சோதியுங்கள். ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ற் வரை காட்டி, மறுதிசையில் எதுவும் காட்டாதிருப்பதே சரி. மின்னை வேகமாகத் திறந்து மூடும் ஆளியான மொஸ்பெற்றின் வடிகால் (drain), மூலம் (source) என்னும் இரு முனைகளுக்கும் இடையே இரு திசையிலும் பூச்சியத்தை அண்மித்தால் அது போய்விட்டது. அத்துடன் ஓர் ஓமிலும் குறைந்த மூலத் தடையியும் கட்டுப்பாட்டுச் சில்லும் பெரும்பாலும் சேர்ந்தே போயிருக்கும் என்பதால், மொஸ்பெற்றை மட்டும் மாற்றிப் பற்றாசு பிடித்தால் அதுவும் வெடிக்கும்.

மாற்றியபின், 60 அல்லது 100 வாற்று இழை மின்குமிழைப் பலகையுடன் தொடராக இணைத்து மின் கொடுங்கள். எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது. குமிழ் ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு ஒளியுடன் நின்றால் குறுஞ்சுற்று இன்னும் இருக்கிறது. பெரிய கொள்ளளவியில் 300 வோல்ற்றுக்கு மேல் வந்தும் வெளியீடு விட்டுவிட்டு வந்தால், வெளியீட்டுப் பக்கத்து இருவாயியையும் தலை வீங்கிய கொள்ளளவிகளையும் சோதியுங்கள். புதியது அதே கொள்ளளவுடன், வோல்ற் குறையாததாய், 105 பாகை செல்சியஸ் எனப் பொறித்ததாய் இருக்கட்டும்.