மானுக்கு ஒரு குத்திக் காசு: பாடசாலையில் சில்லறை சேர்க்கும் முறை

சேரும் காசை எதற்குச் செலவழிப்பது என்று முதலில் முடிவுசெய்யுங்கள், வகுப்புக்கொன்றாய்க் காசு போடும் போத்தலைப் பிறகு தேடலாம். "வனவிலங்கைக் காப்போம்" என்று மட்டும் எழுதி ஒட்டினால் பிள்ளைகள் மூன்றாம் நாளே மறந்துவிடுவார்கள். திருகோணமலையில் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பிரட்றிக் கோட்டைப் பக்கம் மேயும் புள்ளிமான்கள், சோற்று வாசம் ஒட்டிய பொலித்தீன் பையையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. அது செரிக்காது; வயிற்றில் திரண்டு அடைத்துக்கொள்ளும், மான் தீனி எடுக்காமல் மெலிந்து சாகும்.

வகுப்பில் 35 பிள்ளைகள், கிழமைக்கு இரண்டு 10 ரூபாக் குத்தி, இரண்டு கிழமை என்றால் 1,400 ரூபா. ஆறு வகுப்புக்கு 8,400. எல்லாரும் போடமாட்டார்கள், பாதியை நம்புங்கள். அதற்குள் பொலித்தீன் பொறுக்கச் சாக்கு, கையுறை, கோட்டையில் நட ஒரு அறிவித்தல் பலகை அடங்கும். மானுக்குப் பாண் வாங்கிப் போட வேண்டாம். பை தின்னும் பழக்கமே மனிதர் சாப்பாட்டைத் தேடி வருவதில்தான் தொடங்குகிறது. கோட்டைக்குள் படைமுகாம் இருப்பதால் பலகை நட முன்கூட்டியே அனுமதி வேண்டும். மானைத் தொடும் வேலை எதுவானாலும் வனஜீவராசிகள் திணைக்களத்தினூடாகத்தான்.

தண்ணீர்ப் போத்தல் சரிவராது. அதன் கழுத்து வழியே 10, 20 ரூபாக் குத்திகள் வெளியே வரா, கடைசியில் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கண்ணாடியும் வேண்டாம். வாயகன்ற பிளாஸ்டிக் ஊறுகாய்ப் போத்தல் ஒன்றை எடுத்து, மூடியில் 20 ரூபாக் குத்தி உரசாமல் நுழையும் கீறலைப் போடுங்கள். கத்தியைப் பெரியவர் பிடிக்கட்டும். மூடிக்கும் போத்தலுக்கும் குறுக்கே ரேப் ஒட்டி, வகுப்பாசிரியரும் இரண்டு மாணவரும் அதன்மேல் ஒப்பமிட்டால் இடையில் திறந்தால் தெரிந்துவிடும். பாடசாலை விட்டதும் போத்தல்கள் அதிபரின் அலுமாரிக்குள் போக வேண்டும்.

போட்டி வைப்பதென்றால் பணத்தை எண்ணாதீர்கள், குத்தியை எண்ணுங்கள். 1 ரூபாவும் ஒன்று, 20 ரூபாவும் ஒன்று. இல்லாவிட்டால் கையில் காசில்லாத பிள்ளை அந்த இரண்டு கிழமையும் கூனிக் குறுகும். வீட்டில் சண்டையும் வரும். (வசதியுள்ள வகுப்பு தாளை மாற்றி ஒரு ரூபாக் குத்தியாய்க் கொட்டப் பார்க்கும். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று என்று வரம்பு போடுங்கள்.)

கடைசி வெள்ளி காலையிலேயே எண்ணிவிடுங்கள். சனி, ஞாயிறு காசு பாடசாலையில் கிடக்கக் கூடாது. பத்துப் பத்தாய் அடுக்கினால் பிழை உடனே கண்ணில் படும். கடைத் தராசில் நிறுத்து எண்ணுவது விரைவுதான், ஆனால் பழைய மஞ்சள் 5 ரூபாவும் புதிய வெள்ளை 5 ரூபாவும் நிறையில் ஒன்றல்ல. கலந்து நிறுத்தால் கணக்குப் பிசகும். 10 ரூபாவில் 50, 20 ரூபாவில் 50 என்று கட்டி, 500, 1,000 என மேலே எழுதிக்கொண்டு சந்தைக் கடைகளுக்கோ பஸ் நடத்துநர்களுக்கோ கொடுங்கள். சில்லறைக்குத் தவிப்பவர்கள் அவர்கள், தாளாய்த் தந்துவிடுவார்கள்.

வாங்கியதன் பற்றுச்சீட்டைப் பிரதியெடுத்து ஒவ்வொரு வகுப்பிலும் ஒட்டுங்கள். மிச்சம் 40 ரூபா என்றாலும் அதையும் கீழே எழுதுங்கள்.