வீட்டில் கேமை 3டியில் ஆட: பழைய 3டி டிவி ஒன்று போதும்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்திப் பாருங்கள். ஊசி கண்ணிக்குள் நுழையாமல் பக்கத்தில் குத்தும். நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 63 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதால் ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே வேறான படம் கிடைக்கிறது. அந்த வேறுபாட்டை வைத்தே மூளை ஆழத்தை அறிகிறது. 1838இல் சார்லஸ் வீட்ஸ்டன் இதை ஆடிகளைக் கொண்டு விளக்கிக் காட்டினார். பாம்பனில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் அமைத்திருப்பதும் அதே தத்துவம்தான்.

முதலில் டிவி. பெரிய நிறுவனங்கள் 2017 வாக்கில் 3டி டிவி தயாரிப்பதை நிறுத்திவிட்டன. எனவே பழையதைத்தான் தேட வேண்டும். பேட்டரி போட்ட கண்ணாடியுடன் வரும் 'ஆக்டிவ்' வகை, பேட்டரி இல்லாத எளிய 3டி கண்ணாடி போதுமான 'பாசிவ்' வகை என இரண்டு உண்டு. தொடக்கக்காரர்கள் பாசிவ் வகையையே வாங்குங்கள். கண்ணாடி லேசாக இருக்கும், பழுதாக அதில் ஒன்றும் இல்லை.

கடையிலேயே, கம்ப்யூட்டரின் படத்தை டிவிக்குக் கொண்டுவரும் கேபிளைச் செருகும் ஹெச்டிஎம்ஐ துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் கரையோர உப்புக்காற்று முதலில் கடிப்பது அந்தத் தகடுகளைத்தான். நான் முதலில் வாங்கிய டிவியில் அவை பச்சை பூத்திருந்ததைக் கவனிக்கவில்லை. மூன்றே வாரத்தில் படம் விட்டுவிட்டு வரத் தொடங்கியது.

இடப்பாதி முழுக்கச் சிவப்பு, வலப்பாதி முழுக்க நீலம் என ஒரு படத்தை மடிக்கணினியில் வரைந்து எடுத்துச் செல்லுங்கள். டிவியில் 3டியை இயக்கி, இரு கண்களுக்கான படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வரும் 'சைடு பை சைடு' முறையில் அதைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி அணிந்து வலக்கண்ணை மூடினால் சிவப்பு மட்டும் தெரிய வேண்டும், இடக்கண்ணை மூடினால் நீலம் மட்டும். நிறம் இடம் மாறித் தெரிந்தால் கவலையில்லை, அமைப்பில் மாற்றிவிடலாம். திரையின் நடுவுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்தும் இரண்டும் கலந்து தெரிந்தால் அந்த டிவி வேண்டாம்.

அடுத்தது வைக்கும் இடம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பாசிவ் திரையில் ஒரு வரி இடக்கண்ணுக்கு, அடுத்த வரி வலக்கண்ணுக்கு என மாறி மாறி வரும். கண் திரையின் நடுவுக்கு நேராக இல்லாமல் மேலேயோ கீழேயோ போனால் ஒரு கண்ணின் படம் மறு கண்ணுக்குள் கசிந்து இரட்டை நிழல் விழும். நம் வீடுகளில் டிவி சுவரில் உயரத்தில் தொங்கும், நாமோ பாயில் உட்கார்ந்து ஆடுவோம். டிவியை இறக்கித் தாழ்வான பலகையில் வையுங்கள். முடியாவிட்டால் மேற்பக்கத்தை முன்னுக்குச் சாயுங்கள்.

இனி கம்ப்யூட்டர். ரீஷேட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, உங்கள் கேமைத் தேர்ந்தெடுத்து, சூப்பர் டெப்த் 3டி என்ற ஷேடரை, அதாவது கேமின் படத்தை மாற்றித் தரும் சிறு நிரலை, அதில் சேர்க்க வேண்டும். கேமுக்குள் ஹோம் விசையை அழுத்தினால் அதன் பலகை திறக்கும். அங்கே 'சைடு பை சைடு' தேர்ந்தெடுங்கள். கண்கள் மாறியிருந்தால் 'ஐ ஸ்வாப்' இருக்கிறது. படம் தட்டையாகவே இருந்தால் கேமின் ஆழத் தகவல் கிடைக்கவில்லை என்று பொருள். கேம் அமைப்பில், உருவங்களின் விளிம்பை மென்மையாக்கும் எம்எஸ்ஏஏ என்ற வசதியை அணைத்துப் பாருங்கள். ஒரே படத்திலிருந்து இரண்டாவதை உருவாக்கும் முறை என்பதால் உருவங்களின் விளிம்பில் சிறு கசங்கல் தெரியும். ஆடத் தொடங்கினால் அது உறுத்துவதில்லை. ஆன்லைன் கேம்களில் ரீஷேட் ஆழத் தகவலைத் தடுத்துவிடும். தனியாக ஆடும், நிதானமான கேமில் தொடங்குங்கள்.

ஆழத்தின் அளவைத் தயவுசெய்து கண்மதிப்பில் விடாதீர்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று தொலைவில் போகும் விசைப்படகைப் பார்க்கும்போது இரு கண்களின் பார்வையும் ஏறக்குறைய இணையாகப் போகின்றன. அதைவிட வெளிப்புறமாகக் கண்கள் விரிவது இயற்கையில் இல்லை. திரையில் அப்படி விரிய வைத்தால் பத்தே நிமிடத்தில் தலைவலி வந்துவிடும்.

ஆகவே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கேமில் மிகத் தொலைவில் தெரியும் மலையையோ கோபுரத்தையோ பாருங்கள். அது இரண்டாகத் தெரியும். இரண்டுக்கும் இடையே ஸ்கேலை வைத்து அளந்துகொண்டு, ஷேடரின் பலகையில் அந்த விலகலைக் கூட்டிக் குறைக்கும் 'டைவர்ஜென்ஸ்' அளவை நகர்த்துங்கள். முதல் நாள் 2 சென்டிமீட்டர் போதும். பழகப் பழகக் கூட்டலாம், ஆனால் 6 சென்டிமீட்டரைத் தாண்டவே கூடாது. சிறுவர்களுக்குக் கண் இடைவெளி குறைவு என்பதால் அவர்கள் ஆடும்போது இன்னும் குறையுங்கள். மாறுகண் உள்ளவர்களுக்கு ஆழம் தெரியாமலே போகலாம். அவர்களை வற்புறுத்த வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கண்ணாடியைக் கழற்றி வாசலுக்கு வந்து தூரத்தைப் பாருங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கண்ணாடியில் வெள்ளையாக உப்பு படியும். அதைச் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீரில் அலசி, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.