ஜெனரல் கோல்ட்ஸைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் ஆள் மாறிவிடக் கூடாது. ஒட்டோமான் படையில் பணியாற்றி 1916-இல் பாக்தாதில் இறந்த ஃபீல்டு மார்ஷல் கோல்மார் ஃபான் டெர் கோல்ட்ஸ் வேறு. 1918 ஏப்ரலில் பின்லாந்தில் தரையிறங்கி, 1919-இல் பால்டிக் பகுதியில் படை நடத்திய ரூடிகர் ஃபான் டெர் கோல்ட்ஸ் வேறு. இங்கே பேசுவது இந்த ரூடிகரைப் பற்றி.

பால்டிக் பகுதியில் அவருக்குக் கீழே இருந்த எல்லோரையும் 'ஃப்ரைகோர்' (ஜெர்மானியத் தன்னார்வப் படை) என்று எழுதுவது அடுத்த தவறு. மேஜர் பிஷோஃபின் இரும்பு டிவிஷனில் இருந்தவர்கள் ஜெர்மானியத் தன்னார்வலர்கள். லாண்டஸ்வேர் என்பதோ லாத்வியாவின் உள்ளூர்ப் படை. பால்டிக் ஜெர்மானியர்களோடு பாலோடிஸின் லாத்வியப் பிரிவும் அதில் இருந்தது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால், 1919 ஏப்ரல் 16 அன்று லாத்வியாவின் லீபாயா நகரில் பிரதமர் உல்மானிஸின் லாத்விய அரசைக் கவிழ்த்தது யார் என்பதே குழம்பிவிடும். கவிழ்த்தது லாண்டஸ்வேரின் ஜெர்மானியப் பிரிவு. கோல்ட்ஸ் தனக்குத் தொடர்பில்லை என்றார். ஆனால் தடுக்கவும் இல்லை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அதிகம் பிழையாவது காலவரிசைதான். ஜெர்மன் படை அங்கே தொடக்கம் முதலே சட்டவிரோதமாக இருந்தது என்பது சரியல்ல. முதல் உலகப் போரை நிறுத்திய 1918 நவம்பர் போர்நிறுத்த ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவின்படி, வெளியேறும் நேரத்தை முடிவு செய்வது நேச நாடுகளின் கையில் இருந்தது. ரஷ்யக் கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகளைத் தடுக்க அந்தப் படை அவர்களுக்கும் தேவைப்பட்டது. 1919 மே 22-இல் போல்ஷெவிக்குகளிடமிருந்து லாத்வியத் தலைநகர் ரீகாவை இந்தப் படை கைப்பற்றியது. அதன் பிறகு படை வடக்கே திரும்பி எஸ்தோனியர்களோடு மோதி, ஜூனில் வடக்கு லாத்வியாவின் செஸிஸில் தோற்றது. ஆகஸ்டு 24 அன்று, நாடு திரும்ப ரயில் ஏறும்படி வந்த உத்தரவை இரும்பு டிவிஷன் மறுத்தது. அரசின் கட்டளையை வெளிப்படையாக மீறிய கட்டம் இது. பலர், போல்ஷெவிக் எதிர்ப்புத் தளபதி பெர்மோன்ட்டின் 'ரஷ்ய'ப் படைக்கு மாறியது இதற்குப் பின்னால்தான்.

ஏன் மறுத்தார்கள்? ஜெர்மனியோடு செய்த 1918 டிசம்பர் 29 ஒப்பந்தத்தில், போரிட வரும் ஜெர்மானியர்களுக்கு லாத்வியா நிலம் தருவதாக உறுதியளித்தது என்று பலர் எழுதுகிறார்கள். அதில் இருந்தது, நான்கு வாரமாவது போரிட்டவர்களுக்குக் குடியுரிமை மட்டுமே. நிலம் கிடைக்கும் என்பது ஆள்சேர்ப்பவர்கள் பரப்பிய ஆசை வார்த்தை. ஏமாந்த கோபத்தைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான விவரம் இல்லை.

ஜெர்மனி திரும்பிய பிறகு, குடியரசு அரசைக் கவிழ்க்க முயன்ற 1920 மார்ச் காப் கிளர்ச்சியில் கோல்ட்ஸ் பங்கேற்றார். ஸ்டால்ஹெல்ம் என்ற முன்னாள் போர்வீரர் சங்கத்தை அவர் தொடங்கினார் என்று எழுதாதீர்கள். அதை 1918 டிசம்பரில் மாக்டபுர்க்கில் தொடங்கியவர் ஃப்ரான்ஸ் ஸெல்ட்டே. கோல்ட்ஸ் பிற்பாடு தலைமை ஏற்றது, பல தேசியவாதச் சங்கங்கள் சேர்ந்த 'ஒன்றிணைந்த தேசபக்தச் சங்கங்கள்' என்ற கூட்டமைப்புக்கு. அது நாஜிக் கட்சியின் கிளையும் அல்ல.