வாழைப்பழம், கிராம்பு, மல்லி விதை: பெங்களூரு க்ராஃப்ட் பீருக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

திருநெல்வேலியிலிருந்து வந்த நண்பனை இந்திராநகரில், சின்ன அளவில் தாங்களே க்ராஃப்ட் பீர் காய்ச்சி ஊற்றும் ஒரு ப்ரூவரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். கலங்கலாக, மஞ்சளாக ஒரு கிளாஸ் வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"ஏலே, இதுல வாழப்பழத்தக் கரைச்சு விட்ருக்கானுவ. கலங்கிக் கெடக்கு பாரு, கெட்டுப்போன சரக்குல இது."

அவன் நாக்கு சரியாகத்தான் சொன்னது. வாழைப்பழ வாசம் இருந்தது. ஆனால் அதில் யாரும் பழம் கரைக்கவில்லை, சரக்கும் கெட்டுப்போகவில்லை. அது ஹெஃபவைசன் என்ற ஜெர்மன் கோதுமை பீர். அந்த வாசத்தைக் கொடுப்பது ஈஸ்ட். இதை அவனுக்கு விளக்கிய ராத்திரியிலிருந்துதான் இந்தக் குறிப்பை எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெங்களூருக்கு வரும் தமிழ் நண்பர்கள் பலரும் மெனுவைப் பார்த்து முழித்துவிட்டு, கடைசியில் "எது ஸ்ட்ராங்?" என்று கேட்டு எதையாவது வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கேள்வியை மட்டும் இன்றைக்கு ஒதுக்கி வையுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. 21 வயது ஆகாதவர்களுக்கு இது இல்லை. வாசலிலேயே அடையாள அட்டை கேட்பார்கள். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்கவும் வேண்டாம்.

படி 1: கிளாஸில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து அரைக்கிறோமே, பார்லியை அப்படிச் செய்தால் அதுதான் மால்ட். அரைத்த மால்ட்டை 65 டிகிரி வாக்கில் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறித் தண்ணீர் தித்திக்கும். அதை வடிகட்டி, ஹாப் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். ஹாப் என்பது ஒரு கொடியின் பூ. கசப்பும் வாசமும் அதிலிருந்து வருகின்றன. இந்தியாவில் இமாச்சலத்தின் லாஹௌல் பக்கம் கொஞ்சம் விளைகிறது. ஆறவைத்தபின் ஈஸ்ட் போட்டால், அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தரும்.

இதில் இரண்டு குடும்பங்கள். 20 டிகிரியை ஒட்டி, ஓரிரு வாரத்தில் தயாராவது ஏல். 10 டிகிரி வாக்கில் புளித்து, பிறகு பல வாரம் குளிரில் கிடப்பது லாகர். 'லாகர்ன்' என்றால் ஜெர்மனில் சேமித்து வைப்பது. நம் ஊர்க் கடைகளில் பச்சை, பழுப்பு பாட்டில்களில் பார்த்துப் பழகியது பெரும்பாலும் லாகர்தான். சின்ன ப்ரூவரிகளில் ஏல் வகைகள் அதிகம் இருப்பதற்கு ஒரு காரணம் தொட்டி. ஒரே தொட்டியை ஒன்றரை மாதம் லாகருக்குக் கொடுத்துவிட்டால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு எதை ஊற்றுவது?

படி 2: இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

பெங்களூருக்கும் பீருக்கும் பழைய உறவு. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நீலகிரி உட்பட தென்னிந்தியாவிலிருந்த ஐந்து ஆலைகளை ஒன்றாக்கி 1915-ல் யுனைடெட் ப்ரூவரீஸைத் தொடங்கினார். கிங்ஃபிஷர் அங்கிருந்து வந்ததுதான். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றும் இடங்கள் இந்த ஊரில் முளைத்தது 2010-ஐ ஒட்டி.

முதல் முறைக்கு என் சிபாரிசு இந்திராநகர் 100 அடி சாலையில் உள்ள டாய்ட். 2010-ல் தொடங்கிய இடம். பாஸ்மதி அரிசி சேர்த்துக் காய்ச்சும் 'பாஸ்மதி ப்ளாண்ட்' அங்கே பிரபலம். சோறு சாப்பிடும் நாக்குக்கு உறுத்தாது. பிரிகேட் ரோடு பக்கம் போனால் மக்ரத் ரோட்டில் ஆர்பர். அதன் பூர்வீகம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊர். ஒயிட்ஃபீல்டில் இருப்பவர்களுக்கு விண்ட்மில்ஸ்: புத்தக அலமாரிகளும் ஜாஸ் கச்சேரியும் உள்ள இடம், பணப்பையும் அதற்கேற்ப இருக்கட்டும். ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் கைஸ்ட். தன் பீர்களுக்கு 'விட்டி விட்', 'அங்கிள் டங்கெல்' என்று பெயர் வைக்கிற ஆட்கள் (விட், டங்கெல் இரண்டும் பீர் வகைகள்). சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாத வகை நகைச்சுவை.

சனிக்கிழமை இரவு போகாதீர்கள். சத்தத்தில் நீங்கள் கேட்பது சர்வருக்குக் கேட்காது, அவர் சொல்வது உங்களுக்குக் கேட்காது. வார நாளில் மதியம் மூன்று, நான்கு மணி சிறப்பு. ஊற்றுகிறவருக்குப் பேச நேரம் இருக்கும். அவர்களில் தமிழ் தெரிந்தவர்கள் நிறையப் பேர்.

வண்டி எடுக்காதீர்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் சட்டப்படி குற்றம், அதற்கு ஒரு பைண்ட்டே, அதாவது ஒரு பெரிய கிளாஸ் பீரே, போதுமானதாக இருக்கலாம். சென்னையிலிருந்து ரயிலில் வந்தால், மெஜஸ்டிக்கில் மெட்ரோ பர்ப்பிள் லைனைப் பிடித்து இந்திராநகரில் இறங்கலாம்.

படி 3: பைண்ட் சொல்லாமல் சாம்ப்ளர் கேளுங்கள்

மரப்பலகையில் ஐந்தாறு குட்டி கிளாஸ்களில், கிளாஸுக்கு ஒரு வகையாக வரும். ஒவ்வொன்றும் 90 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஆறும் சேர்ந்து ஒரு பெரிய கிளாஸ் அளவுதான். 5 சதவீத பீர் அரை லிட்டரில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உடம்பு அதைக் கரைக்க இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆகவே பலகையை இரண்டு மணி நேரத்துக்கு இழுங்கள். பக்கத்தில் தண்ணீர் கண்டிப்பாக இருக்கட்டும்.

வரிசை முக்கியம். கோதுமை பீர், பிறகு வெளிர் நிறம், பிறகு கறுப்பு, கசப்பு கடைசி. மாற்றிக் குடித்தால் பாகற்காய்க் குழம்புக்குப் பிறகு பாயசம் சாப்பிட்ட கதைதான். என் முதல் தடவை அப்படித்தான் போனது. கெத்துக்காக எடுத்தவுடனே ஐபிஏ என்ற கசப்பு பீரைச் சொன்னேன், கூடவே மிளகாய் தூக்கலாகக் கோபி மஞ்சூரியன். கசப்பும் காரமும் சேர்ந்து நாக்கை அறுத்தன. அதற்குப்பின் வந்த எல்லாமே வெறும் தண்ணீராகத் தெரிந்தது. "க்ராஃப்ட் பீர்னா சும்மா பில்டப்" என்று ஓராண்டு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

படி 4: முகருங்கள், பிறகு குடியுங்கள்

இந்தப் படியில்தான் விஷயமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளும்.

கிளாஸ் வந்தவுடன் வாயில் வைக்காதீர்கள். லேசாகச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். ரொம்ப ஜில்லென்று இருந்தால் வாசம் எழாது, ஐந்து நிமிடம் விடுங்கள். வெளிநாட்டுக் குறிப்புகளில் பைன் மரம், ப்ளாக்கரன்ட் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். நான் பைன் மரத்தை முகர்ந்தது கொடைக்கானல் சுற்றுலாவில் ஒரே ஒரு முறை. அந்தச் சொற்களை விட்டுத்தள்ளுங்கள். நம் அஞ்சறைப் பெட்டியும் பழக்கடையும் போதும்.

ஹெஃபவைசன்: பழுத்த வாழைப்பழம், பின்னால் கிராம்பு. மால்ட்டில் பாதிக்கு மேல் கோதுமை. ஈஸ்ட்டை வடிகட்டாமல் விடுவதால் கலங்கல். வாழைப்பழத்தில் உள்ள அதே ஐசோஅமைல் அசிடேட்டை இந்த ஈஸ்ட்டும் உண்டாக்குகிறது. கசப்பு மிகக் குறைவு. முதல் முறை வருகிற பத்தில் ஏழு பேர் இதில்தான் நிற்கிறார்கள் என்பது என் மேசைக் கணக்கு.

விட்பியர்: இதுவும் கோதுமைதான், பெல்ஜியம் வகை. இதில் நிஜமாகவே மசாலா போடுகிறார்கள்: மல்லி விதையும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும். ரசப்பொடி வறுக்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு நொடியில் பிடிபடும். ஹூகார்டன் என்ற ஊரில் 1950-களில் இந்த வகையே அழிந்துபோனது. பியர் செலிஸ் என்ற பால்காரர் 1966-ல் அதைத் திரும்பக் காய்ச்சி உயிர்ப்பித்தார். எனக்கு மிகவும் பிடித்த வகை இது. வெயில் காலத்தில் இதைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.

ப்ளாண்ட், பில்ஸ்னர்: பழகிய நிறம், தெளிவு. முதல் பில்ஸ்னர் 1842-ல் செக் நாட்டின் பில்சன் நகரில் காய்ச்சப்பட்டது. பிஸ்கட் போல மால்ட் வாசமும் சுத்தமான கசப்பும் இருக்கவேண்டும். ஒளிய இடமில்லாத பீர் இது. காய்ச்சியவர் எங்கே சறுக்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு ப்ரூவரியின் கைப்பக்குவத்தை எடைபோட நான் இதைத்தான் வாங்குவேன்.

ஸ்டவுட்: கறுப்பு. பார்லியைக் காப்பிக்கொட்டை மாதிரிக் கருக வறுப்பதால் வரும் நிறம். வாசமும் காப்பிதான், இரண்டாம் டிகாஷன் போல ஒரு கருகல் கசப்பு. கறுப்பைப் பார்த்து ஸ்ட்ராங் என்று பயப்படவேண்டாம். பீப்பாயிலிருந்து ஊற்றும் கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவீதம். கடைகளில் ஸ்ட்ராங் என்று விற்கும் மஞ்சள் பீர் 8 சதவீதம் வரை போகிறது. 'நைட்ரோ' என்று எழுதியிருந்தால் நைட்ரஜன் வாயு சேர்த்தது என்று பொருள். நுரை பாலாடை மாதிரி நிற்கும்.

ஐபிஏ: இந்தியா பேல் ஏல். பெயரில் இந்தியா இருக்கிறதே தவிரப் பிறந்தது இங்கிலாந்து. இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலில் பல மாதம் பயணமாகி வந்த பீர் கெடாமலிருக்க ஹாப் தாராளமாகப் போட்டார்கள். ஹாப் கிருமிகளைத் தடுக்கும். இன்றைய அமெரிக்கப் பாணி ஐபிஏவில் மாம்பழம், சாத்துக்குடித் தோல், சில சமயம் அறுத்த புல்லின் வாசம்கூட வரும். கூடவே நல்ல கசப்பு. சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூ ரசமும் விரும்பிச் சாப்பிடுகிறவரா நீங்கள்? அப்படியானால் ஊரே ஹெஃபவைசனில் நிற்கும்போது நீங்கள் இங்கே வந்து நிற்பீர்கள்.

இவை தவிரப் பருவத்துக்கு ஒன்று இருக்கும்: மாம்பழக் காலத்தில் மாம்பழ பீர், சில இடங்களில் கேழ்வரகு, வெல்லம், குடகுக் காப்பி. ஒரு குட்டி கிளாஸ் கேட்டுப் பாருங்கள். பாதி விளையாட்டு, பாதி நல்ல பீர். பழ பீரில் பழம் மட்டுமே தெரிந்தால் எனக்கு அது ஜூஸ்தான்.

படி 5: சரியில்லை என்றால் சொல்லுங்கள்

நுரை இரண்டு விரல் உயரம் இருப்பது குற்றமல்ல, அதற்குச் சண்டை போடாதீர்கள். வாசத்தைத் தூக்கிக்கொடுப்பது அந்த நுரை. ஆனால் பாப்கார்ன் வெண்ணெய் வாசம் தூக்கலாக அடித்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன்பே இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். லாகரில் வேகவைத்த மக்காச்சோள வாசம் என்றால் கொதி போதவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் பழசு. 'சவர்' (புளிப்பு வகை) என்று எழுதாத பீர் புளித்தால் கெட்டுவிட்டது. "இது இப்படித்தான் இருக்குமா? வேற ஒண்ணு தர்றீங்களா?" என்று மெதுவாகக் கேளுங்கள். நல்ல இடத்தில் முகம் கோணாமல் மாற்றித் தருவார்கள். ஓர் இடத்தில் மேனேஜர் எனக்கே பாடம் எடுத்தார். அங்கே பிறகு போகவில்லை.

படி 6: சாப்பாடு

வெறும் வயிற்றில் வேண்டாம். காரமான சிக்கனுக்குக் கோதுமை பீர், மீன் வறுவலுக்கு விட்பியர், சுட்ட கறிக்கு ஸ்டவுட். ஐபிஏவோடு காரம் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். வேர்க்கடலை எதற்கும் சரி.

படி 7: எழுதி வையுங்கள்

போனில் ஒரு வரி போதும். தேதி, இடம், வகை, என்ன வாசம், திரும்பக் கேட்பேனா. என் பழைய குறிப்பு ஒன்று இப்படி: "விட். மல்லி தெரியுது, ஆரஞ்சு தேடணும். கேப்பேன்." நான்கைந்து முறைக்குப் பிறகு உங்கள் நாக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதுவே காட்டிவிடும். அடுத்த முறை சாம்ப்ளர் இல்லாமல் நேரே பிடித்த வகையில் ஒரு பைண்ட் சொல்லலாம்.

போன மாதம் அந்த நெல்லைக்காரன் மறுபடி வந்தான். மெனுவைத் தொடக்கூட இல்லை.

"அண்ணே, அந்த வாழப்பழம் இருக்கா?"

ஊற்றுகிறவர் கிருஷ்ணகிரிக்காரர். சிரித்துக்கொண்டே, "தீர்ந்துடுச்சு சார், அடுத்த பேட்ச் வெள்ளிக்கிழமைதான்" என்றார்.

இவன் கொஞ்சம் யோசித்தான். "சரி, மல்லி வெதைய ஊத்துங்க."